பல் சொல்லும் சேதி

கையால் மறைத்த சிரிப்பு

மும்பையில் செம்பூர் பக்கம் திலக் நகர் இருக்கிறது. ஹார்பர் ரயில் பாதையில் அது ஒரு நிலையம். அந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. சேடா நகர் முருகன் கோயிலும் அருகில்தான் இருக்கிறது.

திலக் நகரில் ஒரு வீடு. அந்த வீட்டில் ஆயாவும் பேத்தியும் இருக்கிறார்கள். ஆயாவுக்கு வயது 62. அவர் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 19 வயதில் கல்யாணம் ஆனது. அப்போது மும்பைக்கு வந்தார். சிறு வயதில் அவர் பள்ளிக்குப் போகவில்லை. ஐம்பது வயதுக்குப் பிறகுதான் எழுதப் படிக்கக் கற்றார். இப்போது எழுத்துக் கூட்டாமல் படிக்கிறார்.

பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். அவள் படிப்பது விலங்கியல். விலங்குகளைப் பற்றிய படிப்பு அது.

ஆயாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். அவருடைய பற்களில் பழுப்பு நிறக் கறை இருக்கிறது. படுக்கைக் கோடு போல அந்தக் கறை ஓடும். பார்ப்பவர்கள் வெற்றிலைக் கறை என்று நினைப்பார்கள். ஆனால், ஆயா வெற்றிலை போட்டதே இல்லை. சாம்பலால் தேய்த்தார். உப்பால் தேய்த்தார். பற்பொடி, பற்பசை எல்லாம் மாற்றிப் பார்த்தார். கறை போகவில்லை.

பேத்தி திலக் நகரில் பிறந்து வளர்ந்தவள். அவள் பற்கள் வெள்ளையாக இருக்கின்றன.

ஊரில் பார்த்த மாடு

சென்ற மாதம் இருவரும் ஊருக்குப் போனார்கள். ஆயாவின் தம்பி வீட்டில் ஒரு விசேஷம். வீட்டின் பின்னால் ஒரு காளை கட்டியிருந்தது. சின்ன வயதுக் காளை. பேத்தி அதன் வாயைத் திறந்து பார்த்தாள். பல்லில் பழுப்புக் கோடுகள் இருந்தன. சில பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன.

மும்பைக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் பேத்தி அதைப் பற்றிப் பேசினாள்.

"ஆயா, மாமா வீட்டுக் காளைக்கு என்ன வயசு இருக்கும்?"

"நாலு வயசு இருக்கும். ஏன் கண்ணு?"

"பல்லைப் பார்த்தா கிழட்டு மாடு மாதிரி இருக்கே!"

ஆயாவுக்குப் பழைய நினைவு வந்தது.

"எங்க அப்பாவும் இதையேதான் சொல்லி வருத்தப்படுவார். சந்தையில மாட்டோட பல்லைப் பிடிச்சுப் பார்த்துத்தான் விலை பேசுவாங்க. ரெண்டு பல், நாலு பல், ஆறு பல்லுன்னு கணக்கு. எங்க மாடுங்க பல்லு சீக்கிரமே தேஞ்சுபோகும். வயசான மாடுன்னு சொல்லி விலையைக் குறைச்சுடுவாங்க. எங்க ஊர் மண்ணு அப்படின்னு அப்பா சொல்லுவார்."

"மண்ணு இல்ல ஆயா, தண்ணி. அந்த மாட்டுப் பல்லுல இருக்கறதும் உங்க பல்லுல இருக்கறதும் ஒரே கறைதான்."

ஆயா திடுக்கிட்டார். கையை வாயிலிருந்து எடுத்தார்.

"மாட்டுக்கும் எனக்கும் ஒரே நோயா?"

பேத்தி விளக்கத் தொடங்கினாள்.

தண்ணீரில் கரைந்திருப்பது என்ன?

பூமிக்கு அடியில் பாறைகள் இருக்கின்றன. சில பாறைகளில் புளோரைடு என்ற பொருள் கலந்திருக்கிறது. நிலத்தடி நீர் அந்தப் பாறைகளுக்கு இடையே நெடுநாள் தங்குகிறது. அப்போது புளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைகிறது.

புளோரைடுக்கு நிறம் இல்லை. மணம் இல்லை. நாம் குடிக்கும் நீரில் இருக்கும் அளவில் சுவையும் தெரியாது. தண்ணீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். ஆனாலும், அதில் புளோரைடு அதிகமாக இருக்கலாம்.

புளோரைடு முழுக்கக் கெட்டது அல்ல. மிகக் குறைந்த அளவில் அது நல்லது. பல் சொத்தை ஆகாமல் காக்கிறது. அளவு மீறினால்தான் தீங்கு.

எது சரியான அளவு? இந்திய அரசின் தர விதி ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம். ஒரு கிராமை ஆயிரம் பங்காக்கினால், அதில் ஒரு பங்குதான் ஒரு மில்லிகிராம். வேறு நல்ல நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம். அதற்கு மேல் இருக்கும் நீரைக் குடிக்கக்கூடாது.

பல் எப்படி உருவாகிறது?

பல்லின் மேலே கடினமான பூச்சு ஒன்று உண்டு. அதை எனாமல் என்கிறோம். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எலும்பை விட அது கடினமானது.

பல் ஈறுக்கு வெளியே வருவதற்கு முன்பே, தாடைக்குள் உருவாகிறது. எனாமலும் அங்கேயே உருவாகிறது. வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலை நடப்பது போல, அடுக்கடுக்காக அந்த வேலை நடக்கும். அந்தச் சமயத்தில் உடம்பில் புளோரைடு அதிகமாகச் சேர்ந்தால் பூச்சு வேலை கெட்டுவிடும். எனாமல் இறுகாது. கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் அதில் நிறைந்திருக்கும்.

அப்படிப்பட்ட பல், சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டுகளுடன் முளைக்கும். பிறகு அந்தத் துளைகளில் கறை ஏறும். வெள்ளைத் திட்டு மஞ்சளாகும். பழுப்பாகும். சில பற்கள் கறுத்தும் போகும். நோய் கடுமையாக இருந்தால் எனாமல் பெயர்ந்து விழும். பல் சீக்கிரம் தேயும். இந்த நோய்க்குப் பல் புளோரோசிஸ் என்று பெயர்.

இதனால்தான் ஆயா எவ்வளவு தேய்த்தும் கறை போகவில்லை. வெற்றிலைக் கறை பல்லின் மேலே படிவது. புளோரைடு கறையோ, பல் உருவாகும்போதே அதனுள் விழுந்த குறை. இடப் பக்கமும் வலப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஏனென்றால், இரு பக்கத்துப் பற்களும் ஒரே காலத்தில் உருவாகின்றன.

இங்கே முக்கியமான செய்தி ஒன்று உண்டு. எனாமல் ஒரு முறைதான் உருவாகிறது. பல் முழுதாக உருவான பிறகு வரும் புளோரைடு இந்தக் கறையை உண்டாக்காது. எனவே, சிறு வயதில் குடித்த நீரின் கணக்கைப் பல் வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கிறது. மாடானாலும் மானானாலும் மனிதரானாலும் இது ஒன்றுதான்.

முதலில் காட்டிக் கொடுத்தவை மாடுகள்

இந்தியாவில் இந்த நோயை முதலில் காட்டிக் கொடுத்தவை மாடுகள்தான்.

1930களின் தொடக்கம் அது. அன்றைய சென்னை மாகாணத்தில் நெல்லூர் மாவட்டம் இருந்தது. அதன் ஒரு பகுதி இன்று ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பகுதி உழவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். உழவு மாடுகளால் நடக்க முடியவில்லை. மூட்டுகள் விறைத்துப் போயின. காலை எடுத்து வைக்கவே மாடுகள் வலியால் தவித்தன.

பிறகு மனிதர்களிடமும் இதே நோய் தெரிந்தது. முதுகு வளைந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பற்களில் கறை இருந்தது. சென்னை கிண்டியில் கிங் நிலையம் என்ற மருத்துவ ஆய்வு நிலையம் இருக்கிறது. அதன் இயக்குநராக இருந்தவர் ஷார்ட் என்ற மருத்துவர். அவரும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நோயை ஆராய்ந்தார்கள். குடிநீரில் இருந்த புளோரைடுதான் காரணம் என்று 1937ஆம் ஆண்டு எழுதினார்கள்.

மாடு நோயைச் சொல்லிவிட்டது. மனிதர்கள் அதைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின.

பின்னாளில் ராஜஸ்தானிலும் இதுபோன்ற ஆய்வுகள் நடந்தன. டுங்கர்பூர் போன்ற மாவட்டங்களில் மாடு, எருமை, ஒட்டகம் ஆகியவற்றின் பற்களில் இதே கறை காணப்பட்டது.

"சரி கண்ணு, வீட்டு மாடு நாம காட்டற தண்ணியைக் குடிக்குது. காட்டு மிருகத்துக்கு இந்தக் கஷ்டம் கிடையாதுதானே?" என்று ஆயா கேட்டார்.

"அதுங்களுக்கும் உண்டு ஆயா. இன்னும் பெரிய கஷ்டம்" என்றாள் பேத்தி.

காட்டில் பல் போனால் உயிர் போகும்

மனிதருக்குப் பல் போனால் கஞ்சி குடிக்கலாம். வீட்டு மாட்டுக்குப் பல் தேய்ந்தால் தவிடும் புண்ணாக்கும் ஊறவைத்துக் கொடுக்கலாம். காட்டு மானுக்கு யார் கொடுப்பார்கள்?

மான் புல்லும் தழையும் தின்னும் விலங்கு. மாட்டைப் போலவே அதற்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. கடைவாய்ப் பற்கள்தான் அதற்கு ஆட்டுக்கல். அசைபோட்டு அரைத்தால்தான் புல் செரிக்கும். எனாமல் மென்மையாகிவிட்டால் கடைவாய்ப் பல் மேடும் பள்ளமுமாகத் தேயும். மான் வயிறாரத் தின்னும். ஆனால், அரைபடாத புல்லிலிருந்து போதிய சத்து கிடைக்காது. மான் மெலியும். குளிரையோ வறட்சியையோ தாங்காமல் சாகும்.

உலகில் சில இடங்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

வெந்நீர் ஊற்றுகளின் காடு: அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்ற பெரிய காடு இருக்கிறது. அங்கே வெந்நீர் ஊற்றுகள் ஏராளம். பூமியின் ஆழத்திலிருந்து வரும் அந்த நீரில் புளோரைடு இருக்கிறது. ஊற்றுகளின் பக்கம் வாழும் எல்க் என்ற பெரிய மான்கள் அந்த நீரைக் குடிக்கின்றன. அங்கே வளரும் செடிகளைத் தின்கின்றன. அவற்றின் பற்கள் விரைவில் தேய்கின்றன. மற்ற இடத்து எல்க் மான்கள் வாழும் அளவுக்கு அவை நெடுநாள் வாழ்வதில்லை. இங்கே ஆலை இல்லை. மனிதர் செய்த தவறும் இல்லை. அந்த நிலத்தின் இயல்பு அது.

எரிமலைச் சாம்பல்: 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் ஓர் எரிமலை வெடித்தது. அதன் பெயர் புயேஹுவே. காற்று அதன் சாம்பலைப் பக்கத்து நாடான அர்ஜென்டினாவுக்குள் கொண்டுபோனது. புல்லின் மேல் சாம்பல் படிந்தது. அங்கிருந்த செம்மான்கள் அந்தப் புல்லைத் தின்றன. சாம்பலில் புளோரைடு இருந்தது. அதற்குப் பிறகு பல் முளைத்த இளம் மான்களின் வாயில் பழுப்புப் பற்கள் இருந்தன. இளம் வயதிலேயே அவை தேய்ந்து உடைந்திருந்தன.

எரிமலையால் இதைவிடப் பெரிய துயரம் ஐஸ்லாந்து நாட்டில் நடந்தது. அங்கே 1783ஆம் ஆண்டு லாக்கி என்ற எரிமலைப் பிளவு வெடித்தது. புளோரைடு படிந்த புல்லைத் தின்று ஆடு, மாடு, குதிரைகள் பெருமளவில் இறந்தன. கால்நடை போனதால் பஞ்சம் வந்தது. அந்த நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டுபோனார்கள்.

ஆலைப் புகை: ஆஸ்திரேலியாவில் போர்ட்லாந்து என்ற ஊர் அருகே அலுமினியம் உருக்கும் ஆலை இருக்கிறது. அலுமினியம் உருக்கும்போது புளோரைடு வெளியாவது உண்டு. ஆலையைச் சுற்றி மேயும் கங்காருகளை ஆராய்ந்தார்கள். பற்களில் கறையும் குழியும் இருந்தன. சில கங்காருகளின் மூட்டுகளில் எலும்பு புடைத்து வளர்ந்திருந்தது. இந்த ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளிவந்தது.

செங்கல் சூளை, பாஸ்பேட் உர ஆலை, நிலக்கரி எரிக்கும் மின் நிலையம் ஆகியவற்றிலிருந்தும் புளோரைடு காற்றில் கலக்கலாம். அது செடிகளின் மேல் படியும். செடியைத் தின்னும் விலங்கின் உடம்பில் சேரும்.

தீங்கு குறைந்தால் பல்லும் தேறும்

இந்தக் கதையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு.

ஐரோப்பாவில் செக் என்ற நாடு இருக்கிறது. அதன் வடக்குப் பகுதியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். சுற்றியுள்ள காடுகளில் சிறு மான்கள் வாழ்கின்றன. அவற்றின் தாடைகளை ஆராய்ந்தவர்கள், பற்களில் புளோரோசிஸ் நோயைக் கண்டார்கள். எலும்பிலும் புளோரைடு அதிகமாக இருந்தது. பிறகு மின் நிலையத்தின் புகையைச் சுத்தம் செய்தார்கள். சில ஆண்டுகளில், பின்னால் பிறந்த மான்களின் எலும்பில் புளோரைடு குறைந்தது.

ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். மானின் கடைவாய்ப் பற்களில் முதலில் உருவாகும் பல் பெரும்பாலும் நன்றாக இருந்தது. குட்டி பால் குடிக்கும் பருவத்தை ஒட்டி உருவாகும் பல் அது. தாய் எவ்வளவு புளோரைடு தின்றாலும், பாலில் மிகக் கொஞ்சமே வருகிறது. குட்டி பாலை மறந்து புல் மேயத் தொடங்கிய பிறகு உருவான பற்களில்தான் நோய் அதிகமாகத் தெரிந்தது.

மனிதத் தாயின் பாலிலும் புளோரைடு மிகக் குறைவுதான். பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தண்ணீர்கூட வேண்டாம். இதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. புளோரைடு மிகுந்த ஊரில் இதுவும் ஒரு நன்மை.

ஆயாவின் கவலை

ஆயா சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ என் தம்பி பேரன்? அவனுக்கு ரெண்டு வயசுதானே ஆகுது?"

ஆயாவின் கண்முன் அந்த வீடு வந்தது. வாசலில் ஒரு குழாய் இருக்கிறது. அதில் ஒகேனக்கல் குடிநீர் வரும். ஆனால், எந்நேரமும் வராது. வீட்டின் பின்னால் ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் தண்ணீர். மாட்டுத் தொட்டிக்கும் அந்த நீர். சமையலுக்கும் அந்த நீர். குழந்தையின் பால் புட்டியிலும் அந்த நீர்தான்.

"குழந்தையோட பால்பல்லைப் பார்த்தேனே, வெள்ளையாத்தானே இருக்கு?" என்றார் ஆயா.

"பால்பல்லுல இது பெரும்பாலும் தெரியாது ஆயா. விழுந்து முளைக்கிற பல்லுதான் இப்போ ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கு. எட்டு வயசு வரைக்கும் அந்த வேலை நடக்கும். இப்போ குடிக்கிற தண்ணி, ஆறேழு வயசுக்கு மேலதான் பல்லுல தெரியும். காளையோட பல் இப்பவே சொல்லிடுச்சு. குழந்தையோட பல் சொல்றதுக்கு முன்னாடி நாம தண்ணியை மாத்திடலாம்."

"இன்னும் நேரம் இருக்குன்னு சொல்றியா?"

"நிச்சயமா இருக்கு ஆயா."

பல்லோடு நிற்பதில்லை

புளோரைடு மிகுந்த நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் கெடும். பெரியவர்களுக்கும் இது வரும். முதலில் மூட்டு வலி வரும். முதுகும் கழுத்தும் விறைக்கும். வாதம் என்று நினைத்து மருந்து தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நோய் முற்றினால் எலும்பு வளைந்து, நடக்க முடியாமல் போகும். முற்றிய பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வராமல் தடுப்பதே வழி.

தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் போன்ற மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். மகாராஷ்டிரத்திலும் யவத்மாள், சந்திரபூர் போன்ற மாவட்டங்களில் இந்தச் சிக்கல் உண்டு. ஆழ்குழாய்க் கிணறு ஆழமாகப் போகப் போக, சில இடங்களில் புளோரைடும் கூடுகிறது.

மும்பை நகருக்குக் குடிநீர் தருபவை ஏழு ஏரிகள். அவற்றில் சேர்வது மழை நீர். இத்தகைய மேல்நிலை நீரில் பொதுவாகப் புளோரைடு குறைவு. பேத்தியின் பல் வெள்ளையாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஆயாவும் பேத்தியும் ஒரே குடும்பம். ஒரே இரத்தம். குடித்த தண்ணீர் மட்டும் வேறு.

என்ன செய்யலாம்?

1. தண்ணீரைச் சோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் நீரைச் சோதிக்கிறார்கள். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்ப் பெண்களுக்கே நீர் சோதிக்கப் பயிற்சி தந்திருக்கிறார்கள். ஊராட்சி அலுவலகத்தில் இதைக் கேட்கலாம்.

2. நல்ல நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ள வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீர் அது. வரும்போது பிடித்து, மூடி வைக்க வேண்டும். ஆழ்குழாய் நீரைக் குளிக்க, துணி துவைக்க, வீடு கழுவப் பயன்படுத்தலாம்.

3. காய்ச்சினால் புளோரைடு போகாது. காய்ச்சுவதால் கிருமி சாகும். புளோரைடு அப்படியே இருக்கும். நீர் சுண்டினால் அதன் அளவு இன்னும் கூடும்.

4. மழை நீரைச் சேமிக்கலாம். சுத்தமான கூரையிலிருந்து பிடித்து, மூடிய தொட்டியில் வைக்க வேண்டும்.

5. வேறு நீரே இல்லாத ஊரில் புளோரைடை நீக்க வழி உண்டு. நாகபுரியில் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1970களில் அது ஒரு முறையைக் கண்டுபிடித்தது. படிகாரமும் சுண்ணாம்பும் அளவாகக் கலந்து நீரைத் தெளிய வைப்பது அந்த முறை. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தின் பெயரால் அதை நல்கொண்டா முறை என்கிறார்கள். அளவு தெரியாமல் நாமே கலக்கக்கூடாது. பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். ஆர்.ஓ. என்ற வடிகட்டியும் புளோரைடைக் குறைக்கும்.

6. சத்தான உணவு உதவும். பால், கேழ்வரகு, கீரை ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அது புளோரைடு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஆனால், உணவு மட்டும் போதாது. நீரை மாற்றுவதே முதல் வேலை.

7. சிறு பிள்ளைகள் பற்பசையை விழுங்கக் கூடாது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு போதும். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். துப்பக் கற்றுத்தர வேண்டும்.

8. மாட்டுக்கும் முடிந்தவரை நல்ல நீர் காட்ட வேண்டும். ஏரி, குளத்து நீர் கிடைத்தால் கன்றுகளுக்கு அதைக் கொடுக்கலாம். பல் முளைக்கும் பருவத்தில் இது முக்கியம்.

ஆயா எழுதிய கடிதம்

அன்று இரவே ஆயா ஒரு தாளை எடுத்தார். பேத்தி உதவட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். ஒவ்வொரு எழுத்தாக அவரே எழுதினார்.

"அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலமாக வந்து சேர்ந்தோம். நம் வீட்டுக் காளையின் பல்லைப் பார். என் பல்லை நினைத்துப் பார். இரண்டும் ஒரே தண்ணீரால் வந்த கறை. மண்ணின் குற்றம் என்று அப்பா சொன்னது சரியல்ல. கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடு. அதுவரை பேரனுக்குக் குடிக்கவும் அவன் பாலுக்கும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரை மட்டும் கொடு. அது வரும் நாளில் இரண்டு குடம் அதிகமாகப் பிடித்து மூடி வை. அவன் பல் இன்னும் ஈறுக்குள் இருக்கிறது. அவன் வாயை மூடாமல் சிரிக்க வேண்டும்."

பேத்தி கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தாள். ஊருக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலையில் தம்பி பேசினார்.

"அக்கா, நீயே எழுதினியா?"

"நானேதான் எழுதினேன்."

"தண்ணியைப் புட்டியில பிடிச்சு வெச்சிருக்கேன். இன்னிக்கே ஊராட்சி ஆபீசுல கேட்கறேன். தெருவுல இன்னும் நாலு வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு. அவங்ககிட்டயும் சொல்றேன்."

ஆயா சிரித்தார். இந்த முறை கை வாய்ப் பக்கம் போகவில்லை.

நினைவில் வைப்போம்

புளோரைடு கொஞ்சம் இருந்தால் நல்லது. அளவு மீறினால் தீங்கு.

ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

பல்லின் எனாமல் ஈறுக்குள்ளேயே உருவாகிறது. அப்போது வரும் தீங்கு வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

ஆடு, மாடு, மான், கங்காரு எல்லாவற்றுக்கும் இந்த நோய் வரும். விலங்கின் பல்லில் பழுப்புக் கோடு தெரிந்தால் நீரைச் சோதிக்க வேண்டும்.

காய்ச்சினால் புளோரைடு போகாது.

பேசிப் பார்ப்போம்

1. ஆயா எவ்வளவு தேய்த்தும் பல் கறை போகவில்லை. ஏன்?

2. ஒரே குடும்பத்தில் ஆயாவின் பல்லுக்கும் பேத்தியின் பல்லுக்கும் வேறுபாடு ஏன் வந்தது?

3. வீட்டு மாட்டை விடக் காட்டு மானுக்குப் பல் நோய் ஏன் பெரிய ஆபத்து?

4. செக் நாட்டு மான்களின் எலும்பில் புளோரைடு எப்படிக் குறைந்தது?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டுக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? ஏரியா, ஆறா, ஆழ்குழாய்க் கிணறா? கேட்டு எழுதுங்கள்.

உங்கள் சொந்த ஊரில் மாடுகளின் பல்லில் பழுப்புக் கோடு உண்டா? அங்கே இருப்பவருக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.